21 உறுப்புகளில் முடிகிற கணக்கு

கேள்வி: வருஷா வருஷம் கம்ப்யூட்டர் வேகமாகிக்கொண்டே போகிறது. பிறகு புரோகிராம் எழுதுகிறவர் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? (வாசகர், கரமனை)

பதில்: நீங்கள் சொல்லும் அந்த ஓட்டம் நின்று இருபது வருஷம் ஆகிவிட்டது. 2005 வாக்கு வரை சிப்பின் கடிகார வேகம் சில வருஷங்களுக்கு ஒருமுறை இரட்டித்தது. அதற்கு மேல் சூடு தாங்கவில்லை. இன்று கடைக்குப் போனாலும் மூன்றிலிருந்து ஆறு கிகாஹெர்ட்ஸுக்குள்தான் கிடைக்கும். ஆகவே வேகத்துக்குப் பதிலாக எண்ணிக்கையைக் கொடுக்கிறார்கள்: நாலு கோர், எட்டு கோர், பதினாறு கோர். ஒரே பானைச் சோற்றைச் சுற்றிப் பத்துச் சமையல்காரர்கள் நின்றாலும் அரிசி தன் நேரத்தில்தான் வேகும். பத்துப் பானையாகப் பிரித்துக் கொடுத்தால் பத்துப் பேருக்கும் வேலை உண்டு. அப்படிப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர் புரோகிராம் எழுதுகிறவர்.

கேள்வி: எங்கள் கடை பில்லிங், மாதக் கடைசியில் இழுஇழுவென்று இழுக்கிறது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வியாபாரி, சாலை பஜார்)

பதில்: வாங்குவதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். வியாபாரம் இரண்டு மடங்கானால் இழுவை இரண்டு மடங்காகிறதா, நாலு மடங்காகிறதா? நாலு என்றால் புதுக் கம்ப்யூட்டர் சில மாதத்துக்குத்தான் வாழும்.

இதை உங்கள் பஜாரிலேயே ஒரு மளிகை மொத்தக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எட்டாயிரம் சரக்கு. மாதத்துக்கு முப்பதாயிரம் பில் வரி. மாதக் கடைசி ஸ்டாக் கணக்குப் போட நாற்பது நிமிஷம். அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, திரையையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு புது மெஷின் வாங்கினார். நாற்பது நிமிஷம் பதினைந்தானது. "தம்பி, இனி கவலையில்லை" என்றார். இரண்டு வருஷத்தில் வியாபாரம் இரட்டித்தது: பதினாறாயிரம் சரக்கு, அறுபதாயிரம் பில் வரி. கணக்கு மறுபடியும் ஒரு மணி நேரம் ஓடியது.

புரோகிராமைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு பில் வரிக்கும் சரக்குப் பட்டியல் முழுவதையும் முதலிலிருந்து கடைசி வரை படிக்கிறது. பழைய அளவுக்கே முப்பதாயிரம் தரம் எட்டாயிரம் என்றால் இருபத்து நாலு கோடி. அகராதியில் 'மிளகு' பார்க்க வேண்டுமென்றால் நாம் 'அ'விலிருந்து ஒவ்வொரு பக்கமாகவா புரட்டுகிறோம்? நடுவில் திறக்கிறோம், முன்னாலா பின்னாலா என்று பார்க்கிறோம், மிச்சத்தின் நடுவில் திறக்கிறோம். எட்டாயிரம் பெயர் இருந்தால் அதிகம் போனால் பதின்மூன்று தடவை. அந்தப் பட்டியலுக்கு ஒரு இண்டெக்ஸ் போட்டோம். எழுதியது ஒரே ஒரு வரி. கணக்கு பத்து விநாடிக்குள் முடிந்தது. சரக்கு எட்டாயிரத்திலிருந்து பதினாறாயிரம் ஆனால் தேடல் பதின்மூன்றிலிருந்து பதினாலு ஆகும். ஒன்றே ஒன்றுதான் கூடும்.

ஆகவே உங்கள் சாஃப்ட்வேர்காரரைக் கூப்பிட்டு "இண்டெக்ஸ் இருக்கிறதா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் செலவு இல்லை.

கேள்வி: ஆன்லைன் கேம் ஒன்று லோடு ஆவதற்குள் பொறுமை போய்விடுகிறது. என் கம்ப்யூட்டர் போதாதா? (கல்லூரி மாணவர், நெய்யாற்றின்கரை)

பதில்: உங்கள் கம்ப்யூட்டர்மேல் பழி போடுவதற்கு முன் 2021-ல் நடந்ததைக் கேளுங்கள். ஜிடிஏ ஆன்லைன் திறக்கப் பலருக்கும் ஐந்து, ஆறு நிமிஷம் பிடித்தது. அந்த நிறுவனத்தில் வேலை பார்க்காத ஒருவர், மூல நிரல் கையில் இல்லாமலேயே காரணத்தைத் துருவினார். சுமார் 63,000 பொருள்கள் அடங்கிய 10 எம்பி பட்டியலை விளையாட்டு படிக்கிறது. ஒவ்வொரு சொல்லைப் படிக்கும்போதும் மிச்சப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று கடைசி வரை அளந்து பார்க்கிறது. சாலை பஜார் வியாதியேதான். அவர் திருத்திக் காட்டியதும் லோடு ஆகும் நேரம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. நிறுவனம் ஏற்றுக்கொண்டு திருத்தத்தை வெளியிட்டது, அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது. அதற்குள் எத்தனை பேர் அந்த ஆறு நிமிஷத்துக்காகப் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினார்களோ!

கேள்வி: பைத்தான் மெதுவான மொழி என்கிறார்களே. படிக்கலாமா? (மாணவி, நாகர்கோவில்)

பதில்: தாராளமாகப் படியுங்கள் அம்மா. ஆனால் ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். எம்ஐடியின் சார்ல்ஸ் லெய்சர்சனும் கூட்டாளிகளும் 2020-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சோதனையைச் சொன்னார்கள். 4096-க்கு 4096 அணிகள் இரண்டைப் பெருக்க வேண்டும். பைத்தானில் நேராக எழுதினால் ஏழு மணி நேரம். சி மொழியில் மாற்றினால் ஒன்பது நிமிஷம். எல்லா கோர்களுக்கும் பகிர்ந்து, நினைவகத்தில் தரவு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்து, சிப்பின் சிறப்புக் கட்டளைகளையும் பயன்படுத்தியபோது 0.41 விநாடி. அறுபதாயிரம் மடங்கு வித்தியாசம். கம்ப்யூட்டர் மாறவே இல்லை, அதே பெட்டிதான்.

பைத்தானில் அணிகளைப் பெருக்க 'நம்பை' நூலகத்தைக் கூப்பிட்டால், அடியில் இப்படி மெனக்கெட்டு எழுதப்பட்ட நிரல்தான் ஓடுகிறது. அந்த அடித்தளத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறையாவது இறங்கிப் பாருங்கள்.

கேள்வி: தும்பாவில் ராக்கெட்டுக்கு இன்னும் 16-பிட் சிப்பாமே? என் போனில் இருப்பதுகூட 64-பிட்! (வாசகர், கழக்கூட்டம்)

பதில்: உங்கள் போன் ஹேங் ஆனால் அணைத்துப் போட்டுக்கொள்ளலாம். பறக்கிற ராக்கெட்டை அணைத்துப் போட முடியாது.

விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் வடிவமைத்த விக்ரம் 1601 என்ற 16-பிட் செயலி 2009 முதல் இஸ்ரோ ராக்கெட்டுகளில் வேலை செய்கிறது. அதன் தம்பி விக்ரம் 3201, 32-பிட். சண்டிகரில் உள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் செய்தது. 2024 டிசம்பர் 30 அன்று கிளம்பிய பிஎஸ்எல்வி-சி60 பயணத்தில் விண்வெளியில் சோதித்துப் பார்த்தார்கள். 2025 மார்ச் 5 அன்று டெல்லியில் இஸ்ரோ தலைவர் வி. நாராயணன் கையில் ஒப்படைத்தார்கள். அவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். அதை எழுதும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

புதுப் போன்களில் 3 நானோமீட்டர் என்று விளம்பரம் செய்கிற காலத்தில் 180 எதற்கு? அதிர்வு, கொதிக்கும் சூடு, கடுங்குளிர் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். வெளியிலிருந்து யாரும் நிறுத்திவைக்க முடியாதபடி நம் நாட்டிலேயே செய்ய வேண்டும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ராக்கெட்டுக்குச் 'சராசரியாக வேகம்' என்பது பயன்படாது. இத்தனை மில்லி விநாடிக்குள் சென்சாரைப் படித்து, எங்கே இருக்கிறோம் என்று கணக்கிட்டு, எஞ்சினை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். ஆயிரம் சுற்றில் ஒரே ஒரு சுற்று தாமதித்தாலும் அது தவறுதான். அதனால் அங்கே எழுதுகிறவர்கள் மிக மோசமான சுற்று எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைத்தான் அளக்கிறார்கள். விக்ரம் 3201-க்கான அடா மொழிக் கம்பைலர், அசெம்பிளர், லிங்கர் எல்லாமே இஸ்ரோவே எழுதிக்கொண்டவை. சிப்பும் நம்முடையது, அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்ததும் நாம்தான்.

கேள்வி: சிக்கனமாக எழுதப் போய் ஆபத்து வந்ததே இல்லையா? (வாசகி, தக்கலை)

பதில்: வந்திருக்கிறது. 1996 ஜூன் 4, ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். சுமார் 40 விநாடியில் வெடித்துச் சிதறியது. ஒரு 64-பிட் எண்ணை 16-பிட் இடத்துக்குள் திணித்தபோது அது கொள்ளவில்லை. அந்த நிரல் ஏரியன் 4-க்காக எழுதியது. அதில் அந்த எண் அவ்வளவு பெரிதாக வளர வாய்ப்பில்லை. செயலியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள்; அதற்காக ஏழு மாறிகளில் நாலுக்கு மட்டும் பாதுகாப்புச் சோதனை வைத்து, மூன்றை விட்டுவிட்டார்கள். விட்டதில் ஒன்று இது. இதில் மனசை அறுக்கிற விஷயம், கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே ஏரியன் 5-க்குத் தேவைப்படவில்லை. தேவையில்லாத வேலையை ஓடவிட்டு, தேவையான காவலை எடுத்துவிட்டார்கள்.

ஆகவே சுமையைக் குறைக்க வேண்டுமென்றால் முதலில் வேண்டாத வேலையை நீக்குங்கள். காவல்காரனை அனுப்பிவிட்டுச் சம்பளம் மிச்சம் என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: நல்ல புரோகிராமரை எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: "மெதுவாக இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள். "எங்கே?" என்று கேட்டு அளக்க ஆரம்பித்தால் அவரை விடாதீர்கள்.

கேள்வி: இந்தச் சிக்கனமெல்லாம் மேல்நாட்டுப் பாடம்தானே. நம் மண்ணில் என்ன இருக்கிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், வலியசாலை)

பதில்: ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கேரளத்தில், இரிஞ்ஞாலக்குடா வட்டாரம் என்று கருதப்படும் சங்கமக்கிராமத்தில் 14-ம் நூற்றாண்டில் மாதவன் என்றொருவர் இருந்தார். வட்டத்தின் சுற்றளவுக்கு அவர் ஒரு தொடர் கண்டார்: ஒன்றில் மூன்றில் ஒரு பங்கைக் கழி, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டு, ஏழில் ஒரு பங்கைக் கழி என்று போய்க்கொண்டே இருக்கும். முடிவில் பையின் கால் பங்கு வரும். ஐரோப்பாவில் கிரெகரி, லைப்னிட்ஸ் பெயரில் இது வந்தது 17-ம் நூற்றாண்டில்.

பார்க்க அழகு. போட்டுப் பார்த்தால் ஆமை. பதினோரு தசம இடம் சரியாக வர வேண்டுமென்றால் பத்தாயிரம் கோடி உறுப்புகளுக்கு மேல் கூட்டிக் கழிக்க வேண்டும். மாதவனிடம் இருந்தது பனையோலை, எழுத்தாணி, சோழி, விரல். வேகமான மெஷின் வரும் என்று காத்திருக்க அவருக்கு வழியில்லை. அதனால் வழியை மாற்றினார். அதே சிந்தனையை வேறொரு கோணத்துக்குப் போட்டு, பன்னிரண்டின் வர்க்கமூலத்தை முன்னால் வைத்து, ஒவ்வொரு உறுப்பும் முந்தியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும்படி ஒரு தொடர் அமைத்தார். இருபத்தொரு உறுப்புகள், அவ்வளவுதான்: 3.14159265359. விட்டம் 90,000 கோடி என்றால் சுற்றளவு 2,82,743 கோடியே 33,88,233 என்று அவர் பெயரில் வழங்கும் செய்யுள் கணக்குச் சொல்கிறது. நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அந்த ஆமைத் தொடரையும் அவர் கைவிடவில்லை. எந்த இடத்தில் நிறுத்துகிறோமோ அந்த இடத்தில் சேர்க்க ஒரு திருத்த உறுப்பு கொடுத்தார். மிச்சமுள்ள முடிவில்லாத வால் ஏறத்தாழ எவ்வளவு இருக்கும் என்று ஊகித்து ஒரே உறுப்பில் அடைப்பது அது. இதன் நிரூபணங்களை ஜ்யேஷ்டதேவன் 16-ம் நூற்றாண்டில் மலையாள உரைநடையில் 'யுக்திபாஷா'வாக எழுதி வைத்தார்.

பிறகு நம் ராமானுஜன். 1914-ல் அவர் வெளியிட்ட பை தொடர்களில் ஒன்று, உறுப்புக்கு எட்டு இலக்கம் தருகிறது. 1985-ல் கம்ப்யூட்டரில் அதை ஓட்டி ஒரு கோடியே எழுபது லட்சம் இலக்கங்களுக்கு மேல் எடுத்தார்கள். கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் எழுதிய சூத்திரம், கம்ப்யூட்டருக்கு ஓடக் கற்றுக்கொடுத்தது.

கேள்வி: அதே ஆசிரியர்தான். பஞ்சாங்கமும் அப்படியா?

பதில்: அப்படியேதான். சந்திரன் எங்கே என்று ஒவ்வொரு நாளும் சைன் அட்டவணை வைத்துக் கணக்குப் போடாமல், 248 நாளுக்கான நிலைகளை முன்கூட்டியே கணித்து, எண்களை எழுத்தாக்கி 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்துகொண்டார்கள். சந்திரன் தன் ஒழுங்கற்ற நடையில் ஒன்பது சுற்று முடிக்க ஏறத்தாழ 248 நாள் ஆகிறது, அதனால் அந்த எண். வேண்டிய நாளுக்கு வேண்டிய வாக்கியத்தை எடுத்தால் கணக்கில் பெரும்பகுதி முடிந்தது. வீட்டில் மாட்டியிருக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்குப் பெயர் வந்தது இதனால்தான். இன்றைய புரோகிராமர்கள் இதை 'கேஷ்' என்கிறார்கள்: ஒருமுறை கணக்கிட்டதை மறுபடி கணக்கிடாதே, எடுத்து வை. அந்த வாக்கியங்களையும் மாதவன் இன்னும் துல்லியமாகத் திருத்தினார்.

1825-ல் புதுச்சேரியில் ஜான் வாரன் என்ற அதிகாரி ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். தரையில் சோழிகளை வைத்து நகர்த்தியபடி, அட்டவணைகளை நினைவிலிருந்து சொல்லியபடி, அவர் ஒரு சந்திர கிரகணத்தைக் கணித்துக்கொடுத்தார். தொடக்க நேரத்தில் பிழை நாலே நிமிஷம்; முடிவு நேரத்தில் ஏறத்தாழ ஐம்பது நிமிஷம் தவறியது. இருந்தாலும், எழுதக்கூடச் செய்யாமல் சோழியை வைத்து!

கேள்வி: அப்படியென்றால் இஸ்ரோ ஏன் சூப்பர் கம்ப்யூட்டர் கட்டியது? (பொறியாளர், ஸ்ரீகாரியம்)

பதில்: தேவை இருந்தது, கட்டினார்கள். மெஷினுக்கு நான் விரோதி இல்லை. ராக்கெட்டைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்ற கணக்குக்கு எவ்வளவு புத்திசாலித்தனமான வழி கண்டாலும் எண்கள் கோடிக்கணக்கில் நிற்கும். 2011 மே 2 அன்று விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் சாகா-220 திறக்கப்பட்டது. 220 டெராஃப்ளாப்ஸ், 400 கிராஃபிக்ஸ் செயலிகள், 400 சாதாரணச் செயலிகள், செலவு சுமார் 14 கோடி ரூபாய். அந்தத் திறனுக்கு அது மலிவு.

ஆனால் கிராஃபிக்ஸ் செயலிக்குப் பழைய நிரலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஓடாது. ஆயிரக்கணக்கான சின்னக் கைகள் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி வேலையைச் செய்வதுபோலக் கணக்கையே மறுபடி அடுக்க வேண்டும். அந்த அடுக்குகிற வேலை நடந்ததால்தான் 400 கார்டுக்கும் மதிப்பு வந்தது.

வழியும் மெஷினும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜெர்மன் கணிதர் மார்ட்டின் க்ரோட்ஷல் ஒரு கணக்குச் சொன்னார். 1988-ல் 82 வருஷம் பிடித்திருக்கும் ஒரு திட்டமிடல் கணக்கு, 2003-ல் சுமார் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. நாலு கோடியே முப்பது லட்சம் மடங்கு. இதில் ஆயிரம் மடங்கு மெஷினால் வந்தது, 43,000 மடங்கு வழிமுறையால்.

கேள்வி: மேனேஜர் "முதலில் ஓடட்டும், வேகம் பிறகு" என்கிறார். (இளம் பொறியாளர், டெக்னோபார்க்)

பதில்: பாதி சரி. ஒரே ஒரு தடவை ஓடப்போகும் நிரலை மெருகேற்ற ஒரு வாரம் செலவழிப்பது வீண். அளக்காமல் மூலை முடுக்கெல்லாம் இழைப்பதும் வீண். டொனால்டு நூத் 1974-லேயே எச்சரித்தது அதைத்தான். ஆனால் அந்த 'பிறகு' எந்தத் தேதி என்று கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பென்ஷன் விஷயமாக போனில் ஒரு செயலியைத் திறந்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. புது போன் வாங்கு என்கிறான் பேரன். (பெரியவர், பாளையம்)

பதில்: ஐயா, போன்மேல் தவறில்லை. அதை எழுதியவர் 32 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில், ஆபீஸ் வைஃபையில் திறந்து பார்த்திருப்பார். உங்கள் 3 ஜிபி போனில், மழைக்கால சிக்னலில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒருவர் காத்திருப்பார் என்று அவர் நினைத்துப் பார்க்கவில்லை. சாஃப்ட்வேர் கனக்கிற வேகம் ஹார்ட்வேர் வேகமாகிற வேகத்தை மிஞ்சுகிறது என்று நிக்லாஸ் விர்த் 1995-லேயே வருத்தப்பட்டு எழுதினார்.

ஒரு கணக்குப் போடுகிறேன். பத்து லட்சம் பேர் நாளுக்கு ஒருமுறை திறக்கும் செயலி மூன்று விநாடி வீணாக்கினால், முப்பது லட்சம் விநாடி. அது முப்பத்து நாலு நாளுக்கு மேல். ஒவ்வொரு நாளும் ஒரு மாத மனித வாழ்வு அந்தச் சக்கரத்தில் சுற்றிப் போகிறது. எழுதியவர் இரண்டு நாள் உட்கார்ந்தால் அதை மீட்கலாம். அந்த இரண்டு நாள் சம்பளத்தை மிச்சம் பிடித்துவிட்டு, உங்களைப் பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் போன் வாங்கச் சொல்வது நியாயமே இல்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

பேரனிடம் சொல்லி, அந்த சேவையின் இணையதளத்தை போன் பிரவுசரில் திறந்து பாருங்கள். பல சமயம் அது லேசாக இருக்கும்.

கேள்வி: என் பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11 ஏறாது என்கிறது. எடைக்குப் போடவா? (வாசகி, பாறசாலை)

பதில்: போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதனால் உங்கள் லேப்டாப்பின் எலும்பு தேய்ந்துவிடவில்லை. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். ஹார்ட்வேருக்குச் செலவு செய்வதில் இதைப்போல் பலன் தருவது வேறில்லை. அதில் லினக்ஸ் போடுங்கள். எப்படி என்று தெரியவில்லையென்றால் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கேளுங்கள். பூஜப்புரையைத் தலைமையிடமாகக் கொண்ட கைட் நிறுவனம் தயாரித்துத் தரும் லினக்ஸில்தான் கேரளத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி அரை மணி நேரத்தில் போட்டுக்கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: இனி ஏஐ நிரல் எழுதும். இதெல்லாம் யாருக்கு வேண்டும்? (வாசகர், கவடியார்)

பதில்: சாலை பஜார் நிரலை அதனிடம் கொடுத்தால் இண்டெக்ஸ் இல்லை என்று சொல்லிவிடும். ஆனால் அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அதற்கு யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

கேள்வி: கம்ப்யூட்டரை மாற்றவே முடியாது என்ற நிலையில் யாராவது இருக்கிறார்களா? (பள்ளி மாணவி, பாலராமபுரம்)

பதில்: வாயேஜர் 1 விண்கலத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அது 1977-ல் கிளம்பியது. அதன் கம்ப்யூட்டர்களின் மொத்த நினைவகம் 70 கேபிகூட இல்லை. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு படம் அதில் கொள்ளாது. 2023 நவம்பரில் ஒரு நினைவகச் சிப் பழுதாகி, அது அர்த்தமில்லாத குறிகளை அனுப்ப ஆரம்பித்தது. சிப்பை மாற்ற ஆளனுப்ப முடியுமா? பழுதான இடத்தில் இருந்த நிரலை எடுத்தார்கள். வேறெங்கும் அதை மொத்தமாக வைக்க இடம் இல்லை. துண்டு துண்டாக வெட்டி, கிடைத்த சந்துகளில் ஒவ்வொன்றாக வைத்து, ஒரு துண்டு முடிந்ததும் அடுத்த துண்டு எங்கே என்று கண்டுபிடிக்கும்படி எல்லா முகவரிகளையும் திருத்தி எழுதினார்கள். 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பினார்கள். போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம், பதில் திரும்ப இருபத்திரண்டரை மணி நேரம். ஏப்ரல் 20 அன்று, ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக, தன் உடல்நிலை எப்படி என்று அது புரியும்படி சொன்னது.